கடைசிச் சங்கு ஊதிய நான்கு பேர்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் கிடைத்தது. ஒஹாயோவில் எங்கள் கல்லூரியின் வரலாற்று மாணவர் கௌரவக் கழகத்தில் சேர நின்ற வரிசை அது. எனக்கு முன்னால் என் வகுப்புத் தோழி கொரின். அவள் கையில் மெழுகு ஒழுகியதைத்தான் முதலில் பார்த்தேன். மற்றதைப் பிறகு கேட்டு வாங்கினேன்.

2.

பனி கொட்டிய அந்த ஏப்ரல் மாலையில்...

இல்லை, அன்று பனியே இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் இதை வாசித்தாலும் வானிலைப் பதிவோடு வந்து நிற்பார்.

சரி, இப்படி. நல்ல மதிப்பெண் இருந்தால் கழகம் கூப்பிடும். ஆனால் சேருகிறவர் மெழுகுவர்த்தியோடு நின்று, தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய உறுப்பினர்கள் மேசையைத் தட்டி, "சான்று எங்கே?" என்று கத்துவார்கள். விளையாட்டுக்குத்தான். அதன்பின், கண்டதை மாற்றிச் சொல்லமாட்டேன் என்று உறுதிமொழி. அது விளையாட்டில்லை.

கொரின் வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். எஃகு ஆலை மூடிய அன்று கடைசிச் சங்கை ஊதியவர் அவள் அப்பா வால்ட். அதைச் சொல்லாமல் அவர் ஒரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கை நனைத்ததில்லை. அன்று கழுத்துப்பட்டி கட்டி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

3.

வேறு எந்த மகளும் செய்யாத தப்பைக் கொரின் செய்திருந்தாள். அப்பா சொன்னதைச் சரிபார்க்கப் போனாள். அந்தக் கடைசி நாளில் அவரோடு வேலையில் இருந்த மூன்று பேரையும் தேடிப் பிடித்துக் கேட்டாள். மூவருமே, "கடைசிச் சங்கு ஊதுனது நான்தாம்மா" என்றார்கள். மூவருமே மனதார நம்பித்தான் சொன்னார்கள்.

(இங்கே ஆலையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. ஊரே அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டு... எடுத்துவிட்டேன். நான் ஒருமுறைகூடக் கேட்காத சத்தம் அது. ஆனாலும் அதை நினைத்தால் மனம் ஏங்குகிறது.)

4.

"ஏய், மெழுகு கையில ஒழுகுது பாரு" என்றேன்.

"அப்பா வந்திருக்காருடா."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? சொன்னா பொய். சொல்லலைன்னா அவரு முகம் செத்துரும்."

"வேற கதை சொல்லேன்."

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரு, என் பொண்ணு என்னைப் பத்திதான் பேசப்போறான்னு."

அவள் முறை வந்தது. அப்பா கதையையே சொல்லிவிட்டாள். கழகத் தலைவன் டோபின் மேசையைத் தட்டினான்.

"சான்று எங்கே?"

அவள் வாய் திறக்குமுன் வால்ட் எழுந்துவிட்டார். "நான்தான் தம்பி சான்று! இந்தக் கைதான் சங்குக் கயித்த இழுத்துச்சு."

அறை சிரித்தது.

"சார், தன்னைப் பத்தித் தானே சொன்னா செல்லாது. இன்னொரு ஆளு வேணும்" என்றான் டோபின்.

"ஆளா? எங்கூட வேலை பாத்தவங்க எல்லாரையும் இவ போய்ப் பாத்துட்டு வந்தாளே. சொல்லும்மா."

5.

முடிவு ஒன்று: "எல்லாரும் அப்பான்னுதான் சொன்னாங்க" என்கிறாள். கைதட்டல். அடுத்த நிமிடமே அந்த உறுதிமொழியை அவள் வாசிக்க வேண்டும். என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: உள்ளதைச் சொல்கிறாள். வால்ட் கழுத்துப்பட்டியை... வேண்டாம்.

முடிவு மூன்று: "நாலு பேரும் சேர்ந்து ஊதினாங்க" என்கிறாள். அழகாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு நம்பிக்கையில்லை.

அன்று என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அவள் அவருக்குச் சொன்னது. நீங்கள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். அறை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. வால்ட் இன்னும் சிரித்தபடியே நிற்கிறார். யாராவது அவரை உட்கார வைக்க வேண்டும்.