படம் எடுக்கிறவள்

"கையைத் தூக்கிப் பிடியும். இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடியும்" என்று கதவடியில் நின்றபடி மலர் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து தானே தூக்கிப் பிடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

தயாளினி மாமியார் பூரணத்தின் பிரேதத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தாள். மாமியாரின் கைகள் விறைத்துப் போயிருந்தன. ரவிக்கையை முதுகுப் பக்கம் நடுவால் வெட்டி, இரண்டு கைகளையும் முன்னாலிருந்து நுழைத்து, வெட்டிய ஓரங்களை உடம்புக்குக் கீழே செருகிவிட்டாள். மரணச் சடங்கு மண்டபத்தில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒத்தாசைக்கு நின்றாள். இருவருமாகப் பூரணத்தை ஒரு பக்கம் சரித்துச் சீலையைச் சுற்றினார்கள். இரண்டு வருடமாகக் குளிப்பாட்டிப் புரட்டிய உடம்பு. அது எந்தப் பக்கம் இலகுவாகத் திரும்பும் என்று மருமகளுக்குத் தெரியும். பெற்ற மகளுக்குத் தெரியாது.

"கொய்யகத்து மடிப்பு ஒழுங்கா வரேல்லை."

"வந்து பிடிச்சுவிடுங்கோவன், மச்சாள்."

"எனக்கு உதுகள் பார்க்க ஏலாது எண்டு தெரியும்தானே. பிரஷர் ஏறிடும். வடிவா மடியும். லண்டன் சித்தி லைவில பார்ப்பா. சீலை அவ அனுப்பினது."

மலரின் பிரஷருக்கு நல்ல அறிவு இருந்தது. எப்போது ஏறவேண்டும், எப்போது இறங்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். தாயைத் தன் பெரிய வீட்டிலிருந்து தம்பி குகதாசனின் இரண்டு அறை வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது ஏறியது. அதன்பிறகு இரண்டு வருடமும் கலியாண வீடு, பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா எல்லாவற்றுக்கும் பட்டுடுத்திப் போய்வந்தாள். அப்போதெல்லாம் ஏறவில்லை.

பூரணம் போனது நேற்று முன்தினம் காலையில். குகதாசன் வேலைக்குப் போய்விட்டான். தயாளினி கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. அவளே எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னாள். மலர் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"நான்தான் இருந்தனான்."

"ஐயோ, அப்ப ஒருத்தரும் இல்லையே!" என்று மலர் கத்தி அழுதாள்.

அந்த ஒருத்தருமில்லாதவள்தான் இப்போது பூரணத்தின் நெற்றியில் திருநீற்றைப் பூசி, பவுடர் திட்டாகத் தெரிந்த இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு நிமிர்ந்தாள். பெட்டியில் வளர்த்தி முன் மண்டபத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

மண்டபத்தில் வீடியோக்காரப் பையன் கமராவை நிறுத்தி, லைவ் தொடங்கிவிட்டது என்று கையால் காட்டினான். அதுவரை அவனுடன் கலர் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த மலர், "என்ர அம்மா!" என்று பெட்டியின்மேல் விழுந்தாள். சற்று நேரத்தில் அழுகையை நிறுத்தாமலே தலையைத் திருப்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நீர் கொஞ்சம் அங்கால தள்ளி நில்லும். கமராவுக்குள்ள வாறீர்."

தயாளினி போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இந்தக் குடும்பத்தின் படங்களுக்கு வெளியே நிற்பது அவளுக்கு நான்கு வருடப் பழக்கம். கலியாணத்துக்கே ஒருவரும் வரவில்லை. கோயில் மூலையில் ஐயரும் குகதாசனின் வேலையிடத்து நண்பர்கள் இருவரும்தான் நின்றார்கள். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஒருத்தி கனடாக் குடியுரிமை உள்ள ஒருவனைக் கட்டினால் அது நிரந்தர வதிவிட 'காட்'டுக்காகக் கட்டியதுதான் என்று மலர் ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். இத்தனைக்கும் மலர் இந்த நாட்டுக்கு வந்ததே புருஷன் ஸ்பொன்சர் செய்துதான். மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தாள், சிங்கப்பூரில் ஒரு கோயிலில் முதல்நாள் நேரில் பார்த்தாள், மறுநாள் தாலி ஏறியது. அந்தக் கலியாணம் உண்மையானதா என்று எந்த ஒப்பிசரும் கேட்கவில்லை. மலரும் தன்னைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு மாமி நோயில் விழ, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டிலிருந்த மருமகள் எல்லாருக்கும் வசதியாகிப்போனாள். விசேஷங்களுக்கும் கூப்பிட்டார்கள். மாமியின் சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டுமே. கேக் வெட்டும் நேரம் வந்ததும் மலர் தன் போனை நீட்டுவாள். "இஞ்ச, நீர் ஒரு படம் எடும்." தயாளினி எடுப்பாள். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பூரணம் மட்டும் கேக்கையோ யாருடைய சீலையையோ பார்த்துக்கொண்டிருப்பாள். தயாளினி ஒரு கையைத் தூக்கி, "மாமி, இஞ்ச பாருங்கோ" என்பாள். கொஞ்சம் பொறுத்தால் தலை மெல்லத் திரும்பும். "நான் வடிவா இருக்கிறனோ, பிள்ளை?" என்று கிழவி கேட்பாள். மகள் இல்லாத நேரம் 'பிள்ளை'. மகள் வந்து உட்கார்ந்தால் 'உவள்'. கிழவியும் ஒன்றும் லேசுப்பட்டவளல்ல.

அப்படி எடுத்த படங்களில் எதிலும் தயாளினி இல்லை. குகதாசன் அவளை ஸ்பொன்சர் செய்த விண்ணப்பத்தைப் பார்த்த இமிகிரேசன் ஒப்பிசருக்கு அதுதான் கண்ணில் பட்டது. கணவனின் குடும்பத்தாருடன் எடுத்த படம் ஒன்றும் இல்லை, இது உண்மையான திருமணம் என்று தாங்கள் திருப்திப்படவில்லை, மாத முடிவுக்குள் ஆதாரம் அனுப்பவேண்டும், அல்லது விண்ணப்பம் மறுக்கப்படும் என்று கடிதம் வந்தது. மறுத்தால் அவள் விமானம் ஏறவேண்டியதுதான். ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவது பற்றி நான்கு வருடமாக ஒரே சண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரின் கலியாணத்தில் அந்த மனிதருக்கு இனி என்ன திருப்தி வேண்டும் என்று தயாளினிக்கு விளங்கவில்லை.

விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் நல்லதம்பிக்கு விளங்கியது.

"படம் வேணும், தங்கச்சி. மச்சாள், அவவின்ர மனுசன், பிள்ளையள், எல்லாரும் சேர்ந்து நிக்கிற படம்."

"மாமிக்கு நான் சாப்பாடு தீத்திற படம் அனுப்பினதுதானே?"

"அதைப் பார்த்தால் வேலைக்கு வந்த ஆள் மாதிரியெல்லோ இருக்கு."

குகதாசன் அன்று மாலையே அக்காவிடம் போனான். "நாளைக்கு அவள் காட்டை எடுத்துக்கொண்டு ஓடினால், என்ர முகமெல்லோ சாட்சிக்கு நிக்கும்? நான் நிக்கமாட்டன்" என்று மலர் சொல்லிவிட்டாள். அவன் திரும்பி வந்து கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தான்.

"அக்கா மீன்குழம்பு தந்துவிட்டவ."

தயாளினி அந்தக் குழம்பை அப்படியே குப்பையில் கொட்டினாள். குகதாசன் கெட்டவனல்ல. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், இரவில் மாமியைப் புரட்ட எழுந்து வருவான். ஆனால் அக்காவுக்கு முன்னால் போய் நின்றால் அவனுக்கு முள்ளந்தண்டு எங்கே போகிறதென்று தெரியாது.

இப்போது அவன் வேட்டியும் வெறும் மேலுமாகத் தாயின் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தான். உண்மையாகவே அழுதான். கடைசி வரிசையிலிருந்து பார்க்க அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அது அதிக நேரம் நிலைக்கவில்லை.

நல்லதம்பி வந்துசேர்ந்தார். அவர் ஒரு செத்தவீட்டையும் விடுவதில்லை, புது ஆட்கள் கிடைக்கும் இடம் அது. பெட்டியைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு, ஒருவருக்குத் தன் பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டு, கோப்பியுடன் வந்து தயாளினிக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"நீங்கள் ஏன் இஞ்ச இருக்கிறியள்? முன்னுக்கெல்லோ நிக்கவேணும். எல்லாம் பதிவாகுது."

"அதுதான் இஞ்ச இருக்கிறன்."

அந்த நேரம் பார்த்து மலரின் போன் அடித்தது. மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். லண்டன் சித்தியின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று வரிசைக்குக் கேட்டது.

"எடி மலர், எங்க குகனின்ர மனிசி? நானும் தொடக்கத்தில இருந்து பார்க்கிறன், மருமகளைக் காணேல்லை. இஞ்ச எல்லாரும் கேக்கினம். விட்டிட்டுப் போட்டாளோ?"

"சீச்சீ, இல்லைச் சித்தி. நிக்கிறா. உள்ள ஒரு அலுவலா நிக்கிறா."

போனை வைத்ததும் மலர் பின்னால் திரும்பினாள். முகத்தில் அப்படியொரு கனிவு.

"தயா! வாம்மா இஞ்ச. மாமிக்குப் பக்கத்தில வந்து நில்லம்மா."

நான்கு வருடத்தில் முதல்முறையாகத் தயா. முதல்முறையாக அம்மா. மலர் தன் புருஷனையும் பிள்ளைகளையும் கூப்பிட்டாள், மச்சான்மாரைக் கூப்பிட்டாள். "எல்லாரும் வாங்கோ, குடும்பமா ஒரு படம் எடுப்பம்." பெட்டிக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. லண்டன் பார்க்கிறது, யாழ்ப்பாணம் பார்க்கிறது. மலர் மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

தயாளினி குகதாசனைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. ஆனால் கண் மலர்ந்துவிட்டது. அவன் பார்வை வரிசையைப் பார்த்து, கமராவைப் பார்த்து, நல்லதம்பியிடம் போய் நின்றது. நல்லதம்பி கோப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, இதை விடக்கூடாது. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்று அவன் காதுக்குள் சொன்னவர், வீடியோக்காரப் பையனிடம், "அந்தப் பூவளையத்தைக் கொஞ்சம் இஞ்சால தள்ளும். தங்கச்சி வடிவாத் தெரியவேணும்" என்றார்.

பையன் தள்ளினான். பூவளையம் பூரணத்தின் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தயாளினி குனிந்து வளையத்தை எடுத்து இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள்.

குகதாசன் கிட்ட வந்தான். "நீ எனக்குப் பக்கத்தில வா. தோளில கை வை." பிறகு இன்னும் மெதுவாக, "உப்பிடி விறைச்சுக்கொண்டு நில்லாதை. கொஞ்சம் அழு. முகம் தெரியிற மாதிரி."

இரண்டு நாளாக அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. மாமியின் உடுப்புகளைத் தோய்த்தாள், மருந்துகளைத் திருப்பிக் கொடுத்தாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். இப்போது அழச் சொல்லுகிறான், ஒப்பிசருக்காக. அக்காவை நான்கு வருடம் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கத் துணியாதவனுக்கு, தாயின் பிணம் கிடக்கும் இடத்தில் துணிவு வந்திருக்கிறது. அவளுக்கு அருவருப்பு வந்தது. அவன்மேல், மலர்மேல், கோப்பி மணக்கும் நல்லதம்பிமேல், இந்தப் படத்தைப் பார்த்துத் திருப்திப்படப்போகும் அந்த முகம் தெரியாத மனிதர்மேல். இந்த வரிசையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் காட்டை வாங்கி வாழ்நாளெல்லாம் பையில் வைத்திருக்கப்போகும் தன்மேலும் வந்தது.

மலர் தன் போனை வீடியோக்காரப் பையனிடம் நீட்டினாள். "தம்பி, இதிலயும் ஒண்டு எடும். சித்திக்கு உடனே அனுப்பவேணும்."

"கை இல்லையக்கா, லைவ் போகுது."

"தாங்கோ, மச்சாள்" என்று தயாளினி கையை நீட்டினாள்.

மலர் கொடுத்துவிட்டாள். யோசிக்கவே இல்லை, அத்தனை பழக்கம். தயாளினி போனுடன் வரிசையைவிட்டு வெளியே வந்தாள். ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் நின்ற இடத்தை மலரின் மகள் நகர்ந்து நிரப்பினாள். குகதாசன் மட்டும் ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"என்ன செய்யிறாய்? எங்களுக்கு இருக்கிறது இது ஒண்டுதான்."

"தெரியும்."

"திருப்பி அனுப்புவாங்கள், தயா."

"அனுப்பட்டும். மாமியின்ர பிரேதத்தைக் காட்டி வாங்கிற காட் எனக்கு வேண்டாம்."

"விசர்க்கதை கதையாதை. வேற என்னத்தை அனுப்பிறது?"

"நான் எடுத்த படங்கள் கிடக்குத்தானே, நாலு வருசப் படம். அதுகளை அனுப்புங்கோ. உங்கட சனம் எல்லாம் ஆரைப் பார்த்துச் சிரிக்கினம் எண்டு அவங்களைக் கேக்கச் சொல்லுங்கோ."

"அதை ஆர் நம்புவாங்கள்?"

"நம்பாட்டி, பிளேனுக்கு என்னை ஏத்திவிடுங்கோ." பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். "போய் நில்லுங்கோ. அக்கா பார்க்கிறா."

அக்கா என்றதும் அவன் போய் நின்றான்.

தயாளினி இரண்டடி பின்னால் போய்ப் போனை உயர்த்தினாள். திரையில் எல்லாரும் வந்தார்கள். மலர் காதோர மயிரை ஒதுக்கினாள். அவள் புருஷன் வயிற்றை உள்ளே இழுத்தார். நல்லதம்பியும் ஓரத்தில் எப்படியோ புகுந்து நின்றார். அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். நடுவில் பச்சைப் பட்டில் கிடந்தவள் மட்டும் பார்க்கவில்லை. தயாளினியின் மறுகை தானாக மேலே எழுந்தது.

"மாமி, இஞ்ச பாருங்கோ."

வரிசை அசையாமல் நின்றது. யாரோ ஒருவர் இருமத் தொடங்கி அடக்கிக்கொண்டார். தூக்கிய கையை இறக்காமல் தயாளினி வழக்கம்போலக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு எடுத்தாள்.