லிஃப்டிலிருந்து தூரமான அறை

வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷத்தில் போய்விடக்கூடிய, அதே ஊர் ஹோட்டலில் இரண்டு நாள் தனியாகத் தங்கப் போகிறேன் என்று லிஃப்ட்காரம்மா சொன்னபோது, வீட்டில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“புருஷனோட ஏதாச்சும் சண்டையா?” என்றாள் மாமியார்.

“இல்லத்தே.”

“பின்ன, வீடு இருக்கறப்ப எதுக்கு ஹோட்டல்?”

“வீடு இருக்கறதாலதான்.”

மாமியாருக்கு இது விளங்கவில்லை. காலேஜ் படிக்கும் மகளுக்கு விளங்கியது. அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

லிஃப்ட்காரம்மா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். பதினான்கு வருஷமாக ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் மெக்கானிக். கம்பெனி விற்ற லிஃப்ட் எந்த ஊரில் மக்கர் பண்ணினாலும் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அவள்தான். மாதத்தில் நாலைந்து ராத்திரி வெளியூரில் போகும். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற ஒரு ஹோட்டலோடு கம்பெனிக்கு ஏற்பாடு. இருப்பதிலேயே மலிவான அறைதான் போடுவார்கள். மலிவான அறை எங்கே இருக்கும் தெரியுமா? லிஃப்டை ஒட்டினாற்போல் இருக்கும். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸும் தூசியுமாக ஏறி வந்து, குளித்துப் படுத்தால், தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லிஃப்ட் ஏறும், இறங்கும். இந்த ரோலர் தேய்ந்திருக்கிறது, இது பிரேக் பிடிக்கும்போது உதறுகிறது என்று காது அதன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். காதுக்கு யார் ஓவர்டைம் கொடுக்கிறார்கள்?

அப்படித் தங்குகிற ஒவ்வொரு ராத்திரிக்கும் ஹோட்டல்காரர்கள் அவள் பெயரில் பாயிண்ட் போடுவார்கள். கம்பெனி அதைக் கண்டுகொள்வதில்லை. வீடு கண்டுகொண்டது. ஒரு தடவை சேர்ந்ததில் இஸ்திரிப் பெட்டி வந்தது. இன்னொரு தடவை கணவருக்குச் சக்கரம் வைத்த பெட்டி, அடுத்து மகளுக்கு ஹெட்போன். எல்லாம் ‘ஓசியில வந்தது’ என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தன. ஓசி! அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் கடைசி மூன்று வருஷம் எதிலும் கை வைக்காமல் சேர்த்தாள். அந்த ஹோட்டல்காரர்களுக்கு இந்த ஊரில், ஆற்றங்கரையில், இருபத்திரண்டு மாடியில் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. ஆபீஸ் போகும் பஸ் தினமும் அதன் வாசல் வழியாகத்தான் போகும். அங்கே இரண்டு ராத்திரிக்குச் சரியாக இருந்தது பாயிண்ட். மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் செல்லாது. சனி, ஞாயிறு என்று பதிவு செய்தாள். ‘வேறு ஏதாவது தேவையா?’ என்று கேட்ட கட்டத்தில், ‘லிஃப்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அறை வேண்டும்’ என்று தட்டினாள்.

நாத்தனாருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா அதே சனிக்கிழமை வெளியூரிலிருந்து வருகிறார்கள், இரண்டு நாள் தங்குவார்கள்.

“அண்ணி, அந்த ரூமை சம்பந்திக்குக் குடுத்தா எவ்ளோ கௌரவமா இருக்கும்! உங்களுக்கு ஓசிதானே?”

“இல்ல.”

“ஓசி இல்லையா?”

“ரூம் இல்ல. வேற நல்ல இடமா நானே பார்த்துச் சொல்றேன். இது கிடையாது.”

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் பார்வையெல்லாம் சரி செய்வார். “நீ பார்க்காத ஹோட்டலா?” என்றார் தன்மையாக. “மாசாமாசம் போய்த் தங்கிட்டுதானே வர்றே. பாவம், அது ஒரு தடவை...”

“நான் எங்கயும் தங்கல. ரெண்டு லிஃப்டுக்கு நடுவுல படுத்திருந்தேன்.”

அவர் தலையாட்டினார். சரி, ஒத்துக்கொண்டார் என்று அவள் நினைத்தாள். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தத் தலையாட்டலை நம்பினாள் பாருங்கள், அது அவள் தப்பு.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சின்னப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்தக் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே போனாள். ரிசப்ஷனில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

“மேடம், இதுல தங்கறவங்க பேரை முந்தாநேத்து மாத்தியிருக்கீங்களே?”

திரையைத் திருப்பிக் காட்டினாள். சம்பந்திகள் இருவரின் பெயர்களும் அதில் இருந்தன. பாயிண்ட் கணக்கின் பாஸ்வேர்டை ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியது லிஃப்ட்காரம்மாதான், மகள் ஹெட்போன் தேர்ந்தெடுத்த நாளில்.

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். “பேரை மாத்தினீங்களா?”

கடைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. “கேன்சல் பண்ணலம்மா. பேரைத்தான் மாத்தினேன். தங்கச்சி அழுதுட்டா. காலையில உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ பையில துணி அடுக்கின வேகத்தைப் பார்த்ததும் வாய் வரல.”

அவள் போனை வைத்தாள். அழுகை வந்தது. இருபது அடி உயரக் கூரைக்குக் கீழே, பளிங்குக் கவுண்டரில் முழங்கையை ஊன்றி அழுதால் எப்படி இருக்கும்? முழுங்கினாள். அழுகை உள்ளே போனதும் கோபம் மேலே வந்தது. கோபம் உருப்படியான சாமான். அதை வைத்து ஏதாவது செய்யலாம்.

“திருப்பி என் பேருக்கு மாத்த முடியுமா?”

“பாயிண்ட் யாரோடதோ அவங்க நேர்ல வந்து அடையாள அட்டை காமிச்சா மாத்தலாம் மேடம். இன்னிக்கு வேற யாராலயும் முடியாது.”

அட்டையை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள். “இங்க ஒரு குறிப்பு இருக்கு. லிஃப்டிலிருந்து தூரமா வேணும்னு. அது அவங்க கேட்டதா?”

பெயரை மாற்றிய கணவர் அதைப் படிக்கக்கூட இல்லை. கண்ணாடிக் கடைக்காரர்!

“அது நான் கேட்டது.”

“பதினேழாவது மாடில கடைசி ரூம் இருக்கு. ரொம்ப நடக்கணும்.”

“நடக்கறேன்.”

அவள் ஒன்றும் மறைக்கவில்லை. மேலே போவதற்கு முன்பே கணவருக்குச் செய்தி அனுப்பினாள்: ரூமில் நான் இருக்கிறேன், அவர்களுக்கு வேறு இடம் பாருங்கள். இரண்டு நல்ல இடங்களின் போன் நம்பரையும் சேர்த்து அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டதாக அடையாளமும் வந்தது. அதன் பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே ஆறு, பாலம், பாலத்தில் அவள் தினமும் போகிற பஸ். கட்டில் நாலு பேர் தாராளமாகப் படுக்கிற அகலம். அவள் செய்த முதல் காரியம், தலைமாட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டது. ஒன்றுமில்லை. இன்னொரு சுவரிலும் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் வெந்நீர்த் தொட்டியில் கிடந்தாள். கதவைத் தட்டி ‘இன்னும் எவ்ளோ நேரம்?’ என்று கேட்க ஆளில்லை. வெள்ளை அங்கி ஒன்று தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் குறுக்காகப் படுத்து, பட்டப்பகலில் தூங்கிப்போனாள்.

நாலரைக்கு அறையிலிருந்த போன் அடித்தது. “மேடம், உங்க சொந்தக்காரங்க கீழ வந்திருக்காங்க.”

வேறு இடம் பார்க்கச் சொன்னால் நேரிலேயே கூட்டி வந்துவிட்டார். நேரில் பார்த்தால் இறங்கி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை. இதுவரை இறங்கி வந்தவள்தானே! துணி மாற்றப் பையைத் திறந்தாள். யோசித்தாள். மூடினாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய அங்கி, வேலைக்குப் போடுகிற ஓவராலைவிட மரியாதையாகத்தான் இருந்தது. ஹோட்டல் செருப்பையும் மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பினாள்.

கீழே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் சம்பந்தியம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க ரயிலில் வந்ததில் கால் வீங்கியிருந்தது. சம்பந்தி ஐயா கூரை விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாத்தனார் ரிசப்ஷன் பெண்ணைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா ஹோட்டல் நடத்தறீங்க? பதிவு பண்ணின ரூமைத் தூக்கி இன்னொருத்தருக்குக் குடுப்பீங்களா? உங்க மேனேஜரைக் கூப்பிடு!”

கணவர் லிஃப்ட் வாசலுக்கே ஓடி வந்தார். அங்கியைப் பார்த்ததும் முகத்தில் அசடு வழிந்தது. “இந்தா பாரு, ஹோட்டல்காரங்க பண்ணின குளறுபடின்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ ஆமான்னு தலையாட்டினா போதும். அப்புறம் நீயா பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுத்த மாதிரி முடிச்சிடலாம். உனக்கும் நல்ல பேரு.”

அவள் கவுண்டரைப் பார்த்தாள். ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டு “சாரி மேடம், சாரி மேடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செய்யாத தப்புக்கு மூன்றாவது சாரி. லிஃப்ட்காரம்மாவுக்கு அது பழக்கமான காட்சி. லிஃப்ட் நின்றுபோனால் அதைச் செய்தவனை யாரும் திட்டுவதில்லை, விற்றவனையும் திட்டுவதில்லை. ஸ்பானரோடு எதிரே வந்து நிற்கிறவளைத்தான் திட்டுவார்கள். பதினான்கு வருஷத்தில் அவள் சொன்ன சாரிகளுக்குப் பாயிண்ட் போட்டிருந்தால் இந்த ஹோட்டலையே வாங்கியிருக்கலாம்.

“அந்தப் பொண்ணைத் திட்டாதே,” என்றாள் நாத்தனாரிடம். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “ஹோட்டல் மேல ஒரு தப்பும் இல்ல. ரூம் என்னோடது. அதை சம்பந்தி பேருக்கு மாத்தினது இவரு. திருப்பி மாத்தினது நான்.”

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. கணவர் சக்கரப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தார், உள்ளே தள்ளினார், மறுபடி இழுத்தார்.

“அப்ப எங்களை இவ்ளோ தூரம் வரச்சொல்லி...” என்று சம்பந்தி ஐயா ஆரம்பித்தார்.

“உங்களை அவமானப்படுத்தணும்னு இல்லீங்கய்யா. நடந்ததைச் சொல்றேன். எங்க வீட்டுக்குத் தாராளமா வாங்க. ரெண்டு நாளைக்கு என் கட்டில் காலிதான். ஆனா இந்த ரூமை நான் தர மாட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு அங்கியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா அதுவரை அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்தாள். “ஏம்மா, எத்தனை நாள் தங்கினா இப்படி ஒரு ரூம் தருவாங்க?”

“மூணு வருஷத்துல நூத்தி எழுபது ராத்திரிங்க.”

“தனியாவா?”

“தனியாத்தான். லிஃப்ட் ரிப்பேருக்குப் போற ஊர்ல.”

“லிஃப்ட் ரிப்பேரா? பொம்பளையா?” என்றார் சம்பந்தி ஐயா.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் சம்பந்தியம்மா. அவள் அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. திகைத்துப்போய் மறுபடியும் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். “உங்க பொண்ணும் அத்தை மாதிரிதானா?”

நாத்தனார் அவசரமாகக் கையை ஆட்டினாள். “ஐயய்யோ, இல்லவே இல்லீங்க! அவ ரொம்ப சாது. என்ன சொன்னாலும் சரிம்பா. எதிர்த்து ஒரு வார்த்தை வராது. நீங்க கவலையே பட வேணாம்!”

சம்பந்தியம்மாவின் முகம் வாடிவிட்டது.

“எங்க வீட்ல ஏற்கெனவே அப்படி ஒருத்தி இருக்கா,” என்றாள். “முப்பத்தோரு வருஷமா நான்தான்.”

ரிசப்ஷன் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சம்பந்தியம்மா சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க, இவங்க வீட்டுக்கே போகலாம். ஏம்மா, உன் கட்டில் ஜன்னல் பக்கமா?”

“ஜன்னல் பக்கம்தான்.”

“அப்ப அது எனக்கு. நீங்க எங்கயாவது படுத்துக்கோங்க,” என்று கடைசி வாக்கியத்தைத் தன் கணவருக்குச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி ஐயாவும் நாத்தனாரும் பின்னாலேயே போனார்கள்.

கணவர் மட்டும் தயங்கி நின்றார். “அது ரெண்டு பேருக்கான ரூமாமே?”

“ஆமா.”

“நாளைக்கு நான் வேணா...”

“நாளைக்கு வேணாம். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க. பை தூக்க. ஃபிரிட்ஜ் மேல இருக்கற சீட்டையும் கிழிச்சிடுங்க, பாஸ்வேர்ட் மாறிடும்.”

அவர் தலையாட்டினார். இந்தத் தடவை அவள் அதை நம்பவில்லை. நேராகக் கவுண்டருக்குப் போய், அந்தப் பெண்ணையே கேட்டு, அங்கேயே நின்று பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் லிஃப்டில் ஏறினாள்.

பதினேழாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தபோது லிஃப்ட் பெட்டியின் தரை, வெளித் தரையைவிட அரை விரல் தாழ்வாக நின்றிருந்தது. அவள் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய், எப்போதும் அங்கே இருக்கிற நோட்டையும் பென்சிலையும் தேடியது. அங்கிப் பாக்கெட்டில் அறைச் சாவி அட்டை மட்டும்தான் இருந்தது. வேறு கம்பெனி போட்ட லிஃப்ட். திங்கட்கிழமை போகும்போது சொன்னால் போதும். அவள் காலைத் தூக்கி அந்த அரை விரலைத் தாண்டி, நீண்ட நடையில் கடைசிக் கதவை நோக்கி நிதானமாக நடந்தாள்.