வியாழனுக்கு அடுத்த பக்கம்

கோள்கள் மொத்தம் ஏழு என்று சின்னவன் வகுப்பில் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான். சனியை எங்கே விட்டாய் என்று டீச்சர் கேட்டதற்கு, சனிக்கிழமை லீவு என்றானாம். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்ததைப் படித்த சித்திக்குச் சிரிப்பும் வந்தது, அவன் முகம் தொங்கிக் கிடந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பிள்ளைகளின் அப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகளின் அம்மா இறந்து மூன்று வருடம். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் தலைவாரவும் பிள்ளைகள் சித்தியிடம்தான் வந்தார்கள். சாயங்காலம் அக்காவும் தம்பியும் கட்டிலில் உட்கார்ந்து கோள்கள் புத்தகத்தை மாற்றி மாற்றி உரக்கப் படிக்கும்போது மட்டும் அவளுக்கு அங்கே இடமில்லை. ஒருநாள் ஓரமாய் உட்காரப் போனவளிடம், இது ரெண்டு பேர் படிக்கிறது என்றாள் ஒன்பது வயதுப் பெரியவள், மரியாதையாகத்தான். அன்றிலிருந்து கதவோரம் நின்று துணி மடித்தபடி கேட்பதோடு சரி. அந்தக் கட்டிலில் ஒரு ஓரம் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நோட்டை மூடிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். வியாழனுக்கு அடுத்து யுரேனஸ். நடுவில் ஒரு தாள் மட்டும் அட்டை மாதிரி தடித்திருந்தது. சித்தி பைண்டிங் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். பசை வழிந்து பக்கம் ஒட்டிக்கொள்வதெல்லாம் அங்கே அன்றாடக் கூத்து. எவனோ தூக்கக் கலக்கத்தில் செய்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவியில் காட்டி, மூங்கில் பட்டையை நுழைத்து, ஓர் எழுத்துகூட உரியாமல் பிரித்தாள். இஸ்திரிப் பெட்டியை மேலே ஏற்றிக் காயவைத்தாள். சின்னவனுக்குச் சனி கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

அன்று சாயங்காலம் வியாழனைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிய பெரியவளின் குரல் அப்படியே நின்றது.

"யார் பிரிச்சது?"

"நான்தான்மா. பக்கம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"அதுவா ஒட்டிக்கல. நான்தான் ஒட்டினேன்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அது அம்மாவின் பக்கம். ஆளுக்கொன்றாய்ப் படித்த காலத்தில் சனியை மட்டும் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அம்மா போன பிறகு வேறு யார் வாயிலும் அது வந்துவிடக் கூடாதென்று, ஆறு வயதில், பசைக் குப்பியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறாள்.

சித்திக்கு ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை, கைத்தொழில்தான் வந்தது.

"வேணும்னா மறுபடி ஒட்டித் தந்துடறேன்மா. பிரிச்ச சுவடே தெரியாது."

அதற்குள் சின்னவன் புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தான். இதுக்கு வளையம் இருக்குக்கா என்று வாயைப் பிளந்தவன், விரலை வைத்துத் தடதடவென்று படிக்க ஆரம்பித்தான்.

"அப்படி இல்லடா," என்றாள் பெரியவள். "வளையம்னு வந்ததும் அம்மா உன் தொப்புளைச் சுத்தி விரலை ஓட்டுவாங்க. நீ நெளிவே. அப்புறம்தான் மீதியப் படிப்பாங்க."

"எனக்கு ஞாபகமில்லையே."

பெரியவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் கிடைக்காதபடிதான் ஒட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை. அவன் சட்டையைத் தூக்கினாள். அம்மா படித்த மாதிரியே, இழுத்து இழுத்து, வளையத்தில் நின்று, விரலைச் சுற்றினாள். அவன் நெளிந்து கட்டிலிலிருந்து விழப் பார்த்தான். இன்னொரு தரம் என்றான். இன்னொரு தரமும் படித்தாள்.

துணியை மடிக்க மறந்து சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒட்ட வேண்டாம்," என்றாள் பெரியவள், அவளைப் பார்க்காமலே. "சனி இனிமே எனக்கு."

"அப்ப யுரேனஸ் யாருக்குக்கா?"

பெரியவள் தாளைத் திருப்பினாள்.

"சித்திக்கு. அது படுத்துக்கிட்டே உருளுமாம். இவங்க என்னடான்னா நாலு மாசமா நின்னுக்கிட்டே இருக்காங்க. தள்ளி உட்காருடா."

சின்னவன் சுவரோரம் நகர்ந்தான்.