பச்சை ஒளிராத குழி

ஒரே சொட்டு ரத்தத்தில் மூன்று நோய்களைப் பிடிப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களை ரத்தத்தில் கலந்து, சின்னக் குழியில் ஊற்றிக் கருவிக்குள் வைப்போம். இதயம் கெட்டிருந்தால் சிவப்பு ஒளிரும். சிறுநீரகத்துக்கு மஞ்சள், ஈரலுக்குப் பச்சை. ஒரு கோளாறும் இல்லாத ஆளின் ரத்தம் இருட்டாகக் கிடக்கும். அந்த இருட்டைத்தான் கருவிக்குப் பூஜ்யம் என்று சொல்லித்தர வேண்டும்.

கோளாறில்லாத ஆளுக்கு எங்கே போவது? எனக்கோ படியேறினாலே மூச்சு வாங்கும். ஆகவே மனைவியின் தம்பியைப் பிடித்தேன். சட்டைக் கையில் புஜம் அடங்காத பையன். "அக்காவைக் கட்டிக்கிட்டது பத்தாதுன்னு என் ரத்தத்தையும் உறிஞ்சுறீங்களே மாமா," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

அவன் குழியில் பச்சை பளிச்சென்று ஒளிர்ந்தது. துகள்கள் குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மாவே ஒளிர்வதும் உண்டு. கருவியை மருத்துவமனைக்குக் காட்டும் நாள் வேறு நெருங்கிவிட்டது. அப்படித்தான் இருக்கும் என்று அவன் ஒளியையே பூஜ்யமாக வைத்தேன். இனி யார் ரத்தமானாலும் அந்த அளவைக் கழித்துவிட்டுத்தான் கருவி காட்டும்.

"வேற யார்கிட்டயாவது எடுத்துப் பார்த்துடலாமே சார்?" என்றாள் என்னோடு வேலை பார்ப்பவள்.

"அந்த உடம்பைப் பார்த்தியாம்மா? அவனுக்கு ஈரலே இரும்புல செஞ்சது."

மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

இன்று காலை அந்த மருத்துவமனையின் டாக்டரம்மா தன் நோயாளி ஒருவரின் ரத்தத்தோடு வந்தார். கருவியை ஓட்டினோம். பச்சைக் கோடு தலைதூக்கவே இல்லை.

"இவருக்கு ஈரல் வீங்கிக் கிடக்கு. உங்க மெஷின் என்னன்னா ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பலாங்குது," என்றார்.

கருவியைத் தட்டினேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு வழியில்லாமல் கடைசியில் பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நோயாளியின் பச்சைக் கோடும் கருவியில் பதிவாகியிருந்த மச்சினன் கோடும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன.

"அந்த இன்னொரு ரத்தம் யாரோடது?"

"என் மச்சினன்."

"அவரை எந்த டாக்டராவது பார்த்தாச்சா?"

என்னோடு வேலை பார்ப்பவள் தரையைப் பார்த்தாள். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எனக்காக அவள் கூனிக்குறுகி நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"ஜிம்முல இருக்கேன் மாமா, அப்புறம் பேசட்டா?"

"எல்லாத்தையும் வச்சிட்டு உக்காருடா."

சொன்னேன். ஒளிர்ந்ததையும் சொன்னேன், நான் அதை அழித்ததையும் சொன்னேன்.

"அப்ப... இங்க குடுக்கிற பவுடரைக் குடிக்கலாமா, கூடாதா மாமா?"

"என்ன பவுடர்டா?"

"உடம்பு ஏறுறதுக்கு."

சாயங்காலம் மருத்துவமனையில் சந்தித்தோம். பவுடர் டப்பாவை ஒளித்துவைத்த பையோடு வந்திருந்தான். மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடமும் எல்லாம் சொல்லியிருந்தேன். "என் தம்பிடா அவன்," என்று மட்டும்தான் சொன்னாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

நர்ஸ் ஊசியை எடுத்தாள். மச்சினன் கையை நீட்டினான். ஜோக் எதுவும் சொல்லவில்லை. அவனுக்குப் பதிலாக நான் ஒன்று சொல்லலாமென்று வாயெடுத்தேன். மூடிக்கொண்டு, அவன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.