முள் புதைந்த ரப்பர்

1

இக்கதை கோபத்தில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. சென்ற மாதம் ஞாயிற்றுப் பதிப்பு ஒன்றில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஒருமை எழுவாய்க்குப் பன்மைப் பயனிலை. ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை. மிகக் கூடாத இடத்தில் மிகுந்திருந்தது. பொறுத்துக்கொண்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு பொறுத்துக்கொள்வதே என் முழுநேர வேலையாகிவிட்டது. பொறுக்க முடியாமற்போனது கடைசி வரி: "தன் குஞ்சுகளின் நடுவே விழுந்த ரப்பர் மீனைப் பசி தாங்காத தாய் விரால் பாய்ந்து கவ்வியது."

பசியன்று. குஞ்சுகளைக் காக்கும் நாள்களில் விரால் சரியாக உண்பதே இல்லை. அது கவ்வுவது தின்பதற்கு அன்று, கொல்வதற்கு. பிள்ளைகளின் நடுவே அயலான் ஒருவன் வந்துவிட்டான் என்று எண்ணிப் பாய்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒரே சொல்லில் அழித்துவிட்டு அந்தக் கட்டுரையாளர் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் ருஸ்டி வந்துவிட்டான். மூன்றாம் பத்தியில் அவன் மனைவி சுராயா வந்தாள். அவளுடைய வயிற்றுத் தையல் பிரிந்திருந்தது. அதன்பின் அது கடிதமாக இல்லை.

2

முதல் தொடக்கம்: "கம்பாருக்கு அப்பால், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையின் மரகத நீரில் இளங்காலைக் கதிர்கள்—"

இல்லை. அது பகலுணவுக்குப் பிந்தைய நேரம். நீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் மீனை ஏமாற்றத் தொடங்கிய நாள் முதலாகவே—"

இப்படித் தொடங்கிய கட்டுரைகளுக்கெல்லாம் பத்துக்கு மூன்று போட்டவன் நான்.

மூன்றாம் தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன், இதைவிட நல்லது தேடக் கையில் வலுவில்லை.

"சிக்கு, இன்னிக்கி விரால் இல்லாம நான் வீட்டுக்குப் போவ முடியாது," என்றான் ருஸ்டி.

(மலாய்க்காரர்கள் ஆசிரியரைச் 'சிக்கு' என்றே அழைப்பார்கள். சிக்கு விழாத தூண்டில் நரம்பே காணக் கிடைக்காத தூண்டில்காரர் கூட்டத்தில் அப்பெயரோடு உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன்.)

"சந்தையில வாங்கிக்கிட்டுப் போயேன்," என்றேன்.

"வாங்கிட்டுத்தான் போனேன். வளர்ப்பு மீனு. சட்டியத் தொறந்ததுமே வாந்தி எடுத்துட்டா. சேத்து வாடையாம். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா ஒண்ணும் உள்ள போவல சிக்கு. வெறும் கஞ்சித் தண்ணி."

சுராயாவுக்குக் குழந்தையை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். தையல் ஓரிடத்தில் பிரிந்து, மீண்டும் மருத்துவமனையில் படுத்து, கட்டோடு வீடு திரும்பியிருந்தாள். அறுத்த புண் ஆற விரால் சாறு கொடுக்க வேண்டும் என்பதில் இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. (வேறெதிலேனும் இந்த ஒற்றுமை உண்டா என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.) மாத்திரை மருத்துவர் பொறுப்பு, சாறு ருஸ்டியின் பொறுப்பு. லாரி டயர்க் கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டு வந்திருந்தான்.

கைப்பேசி ஒலித்தது. கையெல்லாம் ரப்பரில் தடவும் மீன்வாடைப் பசை. ஒலிபெருக்கியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

"மீன் கிடைச்சிச்சா?" சுராயாவின் குரல்.

"வருது, வருது."

"நீஞ்சியா வருது? ரப்பர வச்சி மீன ஏமாத்தப் போறேன்னு போனீங்க. மீனு உங்கள வச்சி வெளையாடுது போல." சிரித்தாள். சிரித்ததும் வலித்திருக்க வேண்டும். "யா அல்லா" என்று நிறுத்தினாள். பிறகு குரல் தாழ்ந்தது. "கட்டு மறுபடியும் நனைஞ்சிருக்குங்க. அம்மாகிட்ட சொல்லல. வர்றப்ப பஞ்சு வாங்கிட்டு வாங்க."

இவ்விடத்தில் முந்தைய படியொன்றில் அவளுக்கு இன்னொரு வரி எழுதியிருந்தேன்: "குஞ்சு வச்சிருக்கிற மீன மட்டும் புடிச்சிடாதீங்க." அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அவ்வளவே.

3

ரப்பர் இரையைப் பற்றி விளக்கினால் கதை நின்றுவிடும். விளக்காவிட்டால் கதை விளங்காது. விளக்குகிறேன். அது என் தொழில்நோய்.

ருஸ்டி முதலில் எடுத்தது நீண்ட ரப்பர் புழு. தூண்டில் முள்ளைப் புழுவின் தலைக்குள் நுழைத்து வெளியே இழுத்து, திருப்பி, முனையை மறுபடியும் அதன் உடலுக்குள்ளேயே புதைக்க வேண்டும். முனை வெளியே இராததால் தாமரைத் தண்டில் மாட்டாது. மீன் வாயை இறுக மூடும்போது ரப்பர் நசுங்கி முனை வெளிப்படும். முன்னால் ஓர் ஈயக்குண்டு. அடியில் படியவிட்டு, தூண்டிற்கோலை மெல்லத் தூக்கி, சற்றே இழுத்து, ஓய்வு. மறுபடியும் இழுப்பு, மறுபடியும் ஓய்வு. என் வயதுக்கேற்ற முறை.

ஒன்றும் தொடவில்லை.

அடுத்தது துடுப்புவால் ரப்பர் மீன். ஈயத்தலை வைத்த முள்ளில் இதை நேராகக் கோக்க வேண்டும். கோத்துவிட்டால் கோலிலுள்ள நரம்புச் சக்கரத்தைச் சீராகச் சுற்றுவதைத் தவிர வேறு வேலையில்லை. வால் தானே அடித்துக்கொள்ளும். கோணினால் பம்பரமாய்ச் சுழன்று நரம்பை முறுக்கும். ஊருக்கெல்லாம் கோக்கக் கற்றுக்கொடுப்பவன் ருஸ்டி. அன்று கோணலாகக் கோத்தான். நரம்பு முறுக்கிக்கொண்டது. அறுத்தெறிந்தான்.

மூன்றாவது ரப்பர் தவளை. இலைமேல் இழுத்து வந்து, இலை முடிந்து நீர் தொடங்கும் விளிம்பில் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதுதான் விரால் எழும். ருஸ்டிக்கு நிறுத்தப் பொறுமையில்லை.

"எங்கடா ஓடுது அந்தத் தவள? ஆபீசுக்கு லேட்டாயிருச்சா?"

பின்னாலிருந்து வந்த குரல் ஆ ஹெங்குடையது.

4

ஆ ஹெங் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். அவனை நான் நெடுநாள் நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இக்குட்டையில் தூண்டில் போடுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: குஞ்சுகளைக் காக்கும் விராலுக்கு ரப்பர் வீசக் கூடாது. கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தவன் ருஸ்டி. சென்ற ஆண்டு அதை ஆ ஹெங் மீறினான். ருஸ்டி அத்தனை பேர் முன்னிலையிலும் அவனைப் "பிள்ளைப்பிடிகாரன்" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டுக் கடையில் தேநீர் கொண்டுவருபவர்கூட "பிள்ளைப்பிடிகாரனுக்குச் சீனி கம்மி" என்று குரல் கொடுக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

ஆகவே முதற்படியில் ஆ ஹெங்கை எதிராளியாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். ஒரு கெட்ட சிரிப்புக் கொடுத்தேன். ஆனால் அவன் வந்து உட்கார்ந்ததும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை ருஸ்டியிடம் நீட்டினான். எழுதும் கை என்னுடையது. நீட்டிய கை அவனுடையது. எதிராளி பாதி தரமாட்டான். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"சாப்புடு. மொகத்தப் பாரு, ஊறப்போட்ட கருவாடு மாதிரி இருக்கு."

"பசிக்கல."

"வீட்டுல எப்படி இருக்கா?"

"தையல் பிரிஞ்சிருச்சி. ஒண்ணும் சாப்புட மாட்டேங்குறா."

ஆ ஹெங் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "அதுக்கா இந்த வெயில்ல?" என்றான்.

(வாசகர் கேட்கலாம்: இவை நடந்தவையா? குட்டை உண்டு. விரால் உண்டு. என் கோபம் உண்டு. மற்றவர்களை நான் உண்டாக்கினேன். உண்டாக்கியதால் அவர்கள்மீது எனக்கு அதிகாரம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.)

5

அப்போது தாமரை ஓரத்தில், ஓரிடத்தில் மட்டும், தூறல் விழுந்தது. வானத்தில் மேகமில்லை.

தூண்டில்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆரஞ்சுச் சிவப்பில் விரல்நுனியளவு குஞ்சுகள் கூட்டமாக எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் இறங்கும். நீர்ப்பரப்பு பொரியும். அவற்றுக்குக் கீழே, கரிய கட்டைபோல, பெரிய விரால் ஒன்று அசையாமல் நின்றது.

மூவரும் பார்த்தோம்.

"நான் பாக்கல," என்றான் ருஸ்டி.

"நானும் பாக்கல. சிக்குதான் பாத்தாரு. அவரு எழுதிப்புடுவாரு," என்றான் ஆ ஹெங்.

யாரும் சிரிக்கவில்லை. ருஸ்டி பெட்டியைத் திறந்தான். உப்புக் கலந்து வார்த்த குச்சி ரப்பர் ஒன்றை எடுத்தான். அதற்கு ஈயம் வேண்டியதில்லை. தன் எடையிலேயே மெல்லத் தாழும். அதில் முள்ளைக் கோத்து, முனையை ஆழமாக ரப்பருக்குள் புதைத்தான்.

இங்கே என் பேனா நின்றது. ஒரு வாரம் நின்றது.

ஏனென்றால், குஞ்சு காக்கும் விரால் பெரும்பாலும் வாய்நிறையக் கவ்வாது. முட்டும், பற்றி உதறும், துப்பும். முனை புதைந்திருந்தால் ஏறாது. அதை ஏற்றத்தான் வேண்டுமென்றால் முனை வெளியே நிற்க வேண்டும். ருஸ்டிக்கு இது தெரியாததன்று. தெரிந்தும் புதைத்தான். பழக்கத்தில் கை செய்த வேலையா? அல்லது வீட்டுக்குப் போய், "போட்டுப் பாத்தேன் சுராயா, மாட்டல" என்று பொய்யில்லாமல் சொல்ல ஒரு வழியா? அவனை உண்டாக்கியவன் நான். எனக்குத் தெரியவில்லை.

(ருஸ்டியும் இப்போதுதான் தந்தையானவன், விராலும் பிள்ளை காக்கிறது என்று ஒப்பிட்டு ஓர் அழகான பத்தி எழுதலாம். நான் எழுதமாட்டேன். ஒப்பிட விரும்புகிறவர்கள் தம் செலவில் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.)

ஆ ஹெங் எட்டிப் பார்த்தான்.

"இப்படிக் கோத்தா முட்டிட்டுப் போயிரும். புடிக்கப் போடறியா, பயமுறுத்தப் போடறியா?"

ருஸ்டி கோலை எடுத்தான்.

"குடு இங்க."

"வேணாம் ஹெங்."

"என் பேரு ஏற்கெனவே பிள்ளைப்பிடிகாரன். நீ வச்ச பேரு. இன்னொண்ணு புடிச்சா புதுசா வேற பேரா வைக்கப் போற? குடு லா."

கோலை வாங்கிக்கொண்டான். ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினான். அதன் முதுகைக் கிழித்துக்கொண்டு முள்ளின் முனை வெளியே வந்தது.

"குஞ்சுங்க?" என்றான் ருஸ்டி.

"இன்னொண்ணு இருக்கும்ல. ஆணும் பொண்ணும் சேந்துதான காக்கும்."

"போன வருசமும் இதத்தான் சொன்ன."

"போன வருசம் நீ கேக்கல."

வீசினான். ரப்பர் சிவப்புக் கூட்டத்தைத் தாண்டி விழுந்தது. ஓசையே இல்லை. மெல்ல இழுத்துக் கூட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். கரிய கட்டை திரும்பியது.

"இங்க பாரு," என்றான் ஆ ஹெங், கண்ணை எடுக்காமல். "வேணும்னா மெதுவா ரெண்டு சுத்து. வேணாம்னா ஒரே இழுப்பு, ரப்பரு கரைக்கு வந்துரும். கை என்னோடது, பழியும் என்னோடதா இருக்கட்டும். ஆனா சொல்றது நீ. சுத்தவா, வேணாமா?"

6

முடிவுகள்.

(அ) ருஸ்டி தலையசைத்தான். விரால் ஏறியது. இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்ட சாற்றைச் சுராயா வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள். எழுதி முடித்ததும் மகிழ்ந்தேன். பிறகு, மறுநாள் அந்தத் தாமரை ஓரத்தில் தூறல் இல்லாததையும் எழுத வேண்டியதாயிற்று. தனித்து நின்ற மற்றொரு விராலையும் எழுத வேண்டியதாயிற்று. அடித்தேன்.

(ஆ) "வேணாம்" என்றான் ருஸ்டி. பஞ்சு மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இதை எழுதியபோது என்மீதே எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று. அந்த மதிப்புக்குச் சுராயா பட்டினி கிடந்தாள் என்பது மறுவாசிப்பில்தான் உறைத்தது. அடித்தேன்.

(இ) அவ்வேளையில், யாரும் எதிர்பாராவண்ணம், எதிர்க்கரையில் பசித்த வேறொரு விரால்—

வெட்கமாக இருக்கிறது. முடிக்கமாட்டேன்.

ஆதலால் முடிவு தர மறுப்பது என்று தீர்மானித்தேன். இத்தகைய கதைகளில் அதற்கு இடமுண்டு. கௌரவமான மறுப்பு, பேனாவை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். எனக்குக் களைப்பாகவும் இருந்தது.

ஆனால் இழுக்காத ரப்பர் நிற்பதில்லை. ஈயமில்லாத அந்தக் குச்சி, நரம்பு தளர்ந்த நொடியிலிருந்து, இரு முனையும் தானே நடுங்க நடுங்கக் கீழே இறங்கும். விரால் இழுப்பைவிட அந்த இறக்கத்தில்தான் பெரும்பாலும் பாயும். மூவரும் வாய் திறவாமல் இருந்தாலே போதும். அதுவே (அ) ஆகிவிடும், யாரும் சொல்லாமல். நான் மறுத்தால் அதைத்தான் எழுதியவனாவேன்.

ஆ ஹெங் சுற்றவில்லை, இழுத்துவிடவுமில்லை. ருஸ்டியின் மடியில் கைப்பேசி மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. அவன் எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சிக்கு, நீங்க சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் விடை சொன்னவன். இப்போது நான், வாசிக்கிற உங்களைப் பார்க்கிறேன். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் விருப்பம். வகுப்பறையில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ரப்பர் குஞ்சுகளின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. கரிய தலை அதன் பக்கம் திரும்பியிருக்கிறது.

சுற்றுவதா, வேண்டாமா? சொல்லுங்கள், அது இறங்கிக்கொண்டே