ஏழாவது கேள்வி

வார்டு தேர்தலில் நிற்கும் யாராவது சாக்கடையைப் பற்றிக் கருத்துச் சொன்னால், தெருக்கோடியில் இருக்கும் தையல்காரம்மாவின் வீட்டுக்குள் தண்ணீர் ஒரு விரல்கடை ஏறும். தேர்தல் முடிந்தால் ஏறுவது நிற்கும், ஏறினது இறங்காது. வாசற்படியைத் தாண்டி வெளியேயும் வராது. கதவைத் திறந்துவைத்தாலும் நிலைப்படியில் கண்ணாடி மாதிரி நின்றுகொண்டிருக்கும். முதல் தேர்தலில் முழங்கால் வரை வந்தது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, 'சுவரில் ஓதம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது தேர்தலில் கழுத்து. படுத்த படுக்கையாகிவிட்ட அவள் புருஷன் கட்டிலோடு மிதக்கத் தொடங்கியது அப்போதுதான். அங்கே இங்கே போய் முட்டாமல் கட்டிலை அளவு டேப்பால் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தாள். தையல் மெஷினை அலமாரியின் தலையில் ஏற்றி, அங்கேயே குந்தி உட்கார்ந்து ஐந்து வருடம் ரவிக்கை தைத்தாள். தைத்துக் கொடுத்த துணியில் ஈரம் இருந்ததாக ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

மூன்றாவது தேர்தல் அறிவித்தபோது, புருஷனின் மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. முழத்துக்கு இருபத்துநாலு விரல்கடை. ஆக, இன்னும் இருபத்துநாலு கருத்துத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, அவள் நேரே அச்சுக்கூடக்காரரிடம் போனாள். அந்த வார்டுக்கென்று நாலு பக்கத்தில் ஒரு தாள் போடுகிறவர் அவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்பாளர்கள் எல்லோரிடமும் ஒரே பத்துக் கேள்வியைக் கேட்பார். பதில் நாற்பது வார்த்தை, நாற்பத்தோராவது வார்த்தையைக் கத்தரித்துவிடுவார். ஏழாவது கேள்வி சாக்கடை.

"அண்ணே, இந்தத் தடவை ஏழாவத மட்டும் விட்டுடுங்க."

"அத விட்டா மிச்சம் என்னம்மா இருக்கு? தெருவிளக்கு, நூலகம், நாய். எல்லாரும் ஒரே பதிலத்தான் எழுதுவானுங்க."

"சாக்கடைக்கு மட்டும் வேற வேறயா எழுதுறாங்களா?"

அவர் பழைய தேர்தல் தாள்களை எடுத்துப் புரட்டினார். வேட்பாளர்களில் பல் டாக்டர் பூமிக்கடியில் குழாய் பதிக்க வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் முதலில் மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்றார். லாரிக்காரர் மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடினால் போதும் என்றார். மூவரும் எல்லாத் தேர்தலிலும் நின்றவர்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு தடவை ஜெயித்தும் இருந்தார்கள். சாக்கடை மட்டும் எப்போதும் போல் இருந்தது.

அச்சுக்கூடக்காரர் நல்ல மனுஷர். ஆனால் பத்துக் கேள்வி என்பது வழக்கம். ஒன்பது என்று போட அவருக்குக் கை வரவில்லை. அதனால் ஏழாவது கேள்வியை அச்சடித்து, பதில் இருக்க வேண்டிய இடத்தை மூன்று பேருக்கும் வெள்ளையாக விட்டுவிட்டார். காலையில் தாள் வீடு வீடாகப் போனது. மூவரும் தங்கள் போட்டோவுக்குக் கீழே வெற்றிடத்தைப் பார்த்தார்கள். சாக்கடையைப் பற்றி ஒரு கருத்தும் இல்லாத ஆள் என்று ஊர் நினைத்துவிடாதா? பத்து மணிக்கெல்லாம் மூன்று ஆட்டோக்கள் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு வந்துவிட்டன. தலைக்கு நாற்பது வார்த்தை, முடித்ததும் முதலிலிருந்து.

உள்ளே தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. கட்டிலில் கிடந்தவர், "ஏ, பல்லிக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு, இவ்வளவு நாள் தெரியல" என்றார். அவள் அலமாரி மேல் நின்று கத்தரிக்கோலின் பிடியால் கூரை ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். அச்சுக்கூடக்காரர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓடினார்.

"வாத்தியாரே, ஒரு நிமிஷம் கருத்த நிறுத்துங்க. உள்ள ஆள் சாகுறான்."

"அதத்தான்யா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்தச் சாக்கடை விஷயத்துல என்னோட நிலைப்பாடு..."

இன்னொரு விரல்கடை. டாக்டர் நிறுத்தினால் தானும் நிறுத்துவதாக லாரிக்காரர் சொன்னார். லாரிக்காரர் கடைசியாகப் பேசியதற்குப் பதில் சொல்லிவிட்டு நிறுத்துவதாக டாக்டர் சொன்னார். தட்டும் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தெருத் தச்சர் ரம்பத்தோடு கூரைமேல் ஏறி இரண்டு சட்டத்தை அறுத்தெடுக்கும்போது புருஷனின் மூக்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ளங்கை நுழைய இடமில்லை. அறுபட்ட வழியாகக் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அதன் விளிம்பைப் பிடித்திருந்த அவளோடு வெயிலுக்கு வந்தது. புருஷன் கண்ணை இடுக்கிக்கொண்டு மூன்று வேட்பாளர்களையும் மேலிருந்து பார்த்தார். மூவரும் அவருக்குக் கும்பிடு போட்டார்கள்.

லாரிக்காரர் அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். அதற்குள் தண்ணீர் சுவருக்கு மேலேயும் இரண்டு முழம் எழும்பி, சொட்டுக்கூடச் சிந்தாமல் சதுரமாக நின்றது. நகராட்சியிலிருந்து அதே ஆள் வந்து அண்ணாந்து பார்த்து, அனுமதியில்லாத மாடி என்று எழுதிக்கொண்டு போனார். அவள் மெஷினைக் கட்டிலின் கால்மாட்டுக்கு மாற்றினாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் தெருவில் நின்று இடுப்புச் சுற்றளவைக் கத்திச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். சவப்பெட்டியில் தூங்குவது போல இருந்ததற்கு இது காற்றோட்டமாக இருக்கிறது என்று புருஷன் சொன்னார். அடுத்த தேர்தல் அறிவித்த அன்று, யாரும் கூப்பிடாமலே தச்சர் வந்து, அவள் ஏறி இறங்கும் ஏணிக்கு நான்கு படி சேர்த்து அடித்துவிட்டுப் போனார்.