என் போனில் எரியும் அடுப்பு

அடுப்பு வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை வைத்தே வீட்டைச் சூடாக்கியிருக்கலாம்.

அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியிருந்தார். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீடு ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. வீடுகளைச் சூடாக்க ஊர் முழுவதற்கும் குழாயில் வரும் சுடுநீர் அங்கே வராது. இத்தனை வருடமும் கராஜில் இருந்த எண்ணெய் பொயிலர்தான் உறுமிக்கொண்டு எங்களைக் காப்பாற்றியது. அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு இருப்பறையின் மூலையில் கறுப்பாக, ஒடுக்கமாக, நெஞ்சளவு உயரத்தில் ஒன்று நின்றது. முன்னால் கண்ணாடிக் கதவு. எரியாமல் இருந்தால் அதைப் பெரிய ஸ்பீக்கர் என்றுதான் நினைப்பார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன பெல்லட் குச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. குளிர்கால மாரி முழுவதற்குமான மூட்டைகள் வந்திறங்கி, கராஜில் என் சைக்கிள் நின்ற இடத்தையும் பிடித்துக்கொண்டன.

பொருத்த வந்த டேனிஷ்காரர் வேலையை முடித்துவிட்டு, இதை இயக்குகிற ஆப்பை யாருடைய போனில் போடுவது என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். முப்பத்தொரு வயதில் இந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. வீட்டின் வங்கி, வரி, அம்மாவின் கண் டொக்டர், அப்பாவின் முழங்கால் சத்திரசிகிச்சை எல்லாம் என் போனில்தான் குடியிருக்கின்றன. இப்போது நெருப்பும் வந்து சேர்ந்தது.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாட்டின் மறு கோடியில், கோப்பன்ஹேகனில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நேரில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த மாதம் பிறக்கும்போது அங்கே குடிபோக வேண்டும். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. கோப்பன்ஹேகனில் இருக்கிற தம்பி ரஜிதனிடம் மட்டும் அறை பார்க்கச் சொல்லி, வாய் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தேன். அவன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன். அப்போது யாருக்கும் குளிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். புதுக் கார் என்றாலும் புதுப் பிள்ளை என்றாலும் வந்து பார்க்காவிட்டால் எங்கள் ஆட்களுக்கு மரியாதையில்லை. அம்மா உளுந்து வடை சுட்டு, அடுப்பின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சூட்டில் சந்தனம் காய்ந்து உதிர உதிர, மறுபடியும் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த தவராஜா மாமா, அடுத்த தெருவில் இருப்பவர், ஒரு கை பெல்லட்டை அள்ளி மணந்து பார்த்தார்.

"கோழித்தீன் மாதிரியெல்லோ கிடக்கு, தேவராசா."

"கோழித்தீன் எண்டாலும் சூட்டைப் பார்" என்றார் அப்பா.

"அது சரி. சுவெற்றரைக் கழட்டவேண்டிக் கிடக்கு."

மன்னார் லூர்தம்மா மாமி கதிரையைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே சுவாலை ஆடுவதைப் பார்த்தபடி மூன்று வடை போயின.

"நல்ல வடிவாத்தான் இருக்கு. ஆனா ஆர் இதைப் பராமரிக்கிறது? தேவராசா அண்ணைக்கு முழங்கால் ஏலாதே."

"பிள்ளை இருக்கிறாள்தானே" என்றார் அம்மா.

"ஓம், துஷாரா இருக்கேக்கை உங்களுக்கென்ன கவலை."

வந்தவர்கள் எல்லாரும் ஏதோ பேசிவைத்த மாதிரி இதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் நான் பல்லைக் காட்டினேன். என்னைப் பாராட்டுகிறார்களாம். வாசல் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது. தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் குசினிக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பி வந்தபோது அப்பா பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா பொத்தான் அமத்திறதும் கடையிலை இருந்தது. வயசு போன ஆக்களுக்கு அதுதான் சுகம் எண்டு கடைக்காரன் சொன்னவன். நான் விடேல்லை. போனிலை ஓடுறதுதான் வேணும் எண்டு ஒரே பிடியா நிண்டனான்."

எல்லாரும் சிரித்தார்கள். போனில் வருகிற செய்தியைக்கூட என்னிடம் தந்து வாசிக்கச் சொல்லுகிற மனிதர். நான் சிரிக்கவில்லை. என் தலையில் கட்டுவதற்கென்றே தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருந்தேன். முதலில் ஆப்பை அம்மாவின் டப்லெட்டுக்கு மாற்றிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வரலாம் என்று திட்டம்.

"எனக்கு உது விளங்காது பிள்ளை. நீ இருக்கிறாய்தானே" என்று சொல்லி, அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய்க் கறி போட்டார். "இந்த மாரிதான் முதல்முதலா எனக்குக் கால் விறைக்கேல்லை."

அந்தக் காலைப் பார்த்தேன். இரண்டு காலுறை போட்டே பழகிய கால், அன்று வெறுங்காலாய் இருந்தது. கத்தரிக்காயோடு சேர்த்துச் சொல்ல வந்ததையும் விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை, பக்கத்து நகரமான வைலவில் குர்சுஸ் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வேலையிடத்துப் பயிற்சிக்கு டேனிஷில் அதுதான் பெயர். எந்தப் பொய்யையும் மூடிக்கொள்ள நல்ல சொல். பாதிப் பொய்தான் என்று எனக்கு நானே சமாதானமும் சொன்னேன். காரை வைல நிலையத்தில் விட்டுத்தானே கோப்பன்ஹேகன் ரயிலில் ஏறினேன்.

வைத்தியசாலையில் ஆய்வுகூடத் தலைவியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது போன் அலறியது. நடைபாதையில் போன தாதி திரும்பிப் பார்த்தார். 'கதவு திறந்துள்ளது. அடுப்பு நிறுத்தப்பட்டது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதை வாசித்து முடிக்குமுன் அப்பாவின் அழைப்பு வந்தது.

"பிள்ளை, அடுப்பு நிண்டுட்டுது. கீ கீ எண்டு கத்துது."

"கதவைத் திறந்தது ஆர்?"

"கொம்மா. சாம்பிராணிக்குத் தணல் எடுக்க."

வெள்ளிக்கிழமை. எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். டென்மார்க் வந்த நாளிலிருந்து அம்மா, கடையில் விற்கிற வட்டக் கரித்துண்டை லைட்டரால் கொளுத்தி, ஊதி ஊதிக் கண் கலங்கித்தான் சாம்பிராணி போட்டிருக்கிறார். இப்போது வீட்டுக்குள்ளேயே நெருப்பு எரிகிறது. கரண்டியோடு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். அந்த அடுப்பைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். தலை முழுகிவிட்டுத் தணல் எடுக்க ஒரு பெண் வருவார் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

"கதவை இறுக்கிச் சாத்துங்கோ. ஆறினாப் பிறகு பெல்லட் எரியிற கிண்ணத்துச் சாம்பலை வழிச்செடுங்கோ."

"அதெல்லாம் செய்திட்டன். நீ காட்டித் தந்த மாதிரி. இனி நீதான் கொளுத்த வேணும்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "ஈரத் தலையோடை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ. குளிருது."

திரையில் 'தொடங்கு' என்ற பச்சை வட்டம் என் பெருவிரலுக்காகக் காத்திருந்தது. தலைவியின் அறைக் கதவு திறந்தது. அவர் தலையை நீட்டி என் பெயரைச் சொன்னார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். என் வாழ்க்கையைத் தீர்மானிக்க வந்த இடத்தில், அடுப்புக்காக ஒருவரைக் காக்க வைத்திருந்தேன். அதோடு பொறுமை போய்விட்டது. கோபம் வந்தால் எனக்கு டேனிஷ்தான் வரும். நான் வைலவில் இல்லை, கோப்பன்ஹேகனில் நிற்கிறேன், வேலை எடுக்க வந்திருக்கிறேன், இந்த ஆப்பைத் தவராஜா மாமாவுக்குக் கொடுங்கள் என்று டேனிஷில் கொட்டித் தீர்த்தேன்.

அப்பா தமிழில் சொன்னார். "தெரியும்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"ரஜிதன் போன மாசமே சொல்லிப்போட்டான். அவனை ஏசாதை. நான்தான் துருவித் துருவிக் கேட்டனான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், அம்மாவிடமிருந்து விலகிப் போயிருக்க வேண்டும். "அதாலைதான் இந்த அடுப்பை வாங்கினது. தூர இருந்து கொளுத்தக்கூடியது எது எண்டு கேட்டு வாங்கினனான். மூட்டை கொட்டத் தவராஜா வருவான், சொல்லி வைச்சிட்டன். நீ போ பிள்ளை. நான் மறிக்கேல்லை. உந்தக் கொளுத்திறதை மட்டும் நீ வைச்சிரு. நீ இஞ்சை நிக்கிற மாதிரி இருக்கும்."

போகாதே என்று சொல்வார் என எதிர்பார்த்து, அதற்கு எத்தனையோ பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கதவைப் பூட்டியிருந்தால் சண்டை பிடித்து உடைத்திருப்பேன். அந்த மனிதர் கதவை அகலத் திறந்துவிட்டு, ஒரு கயிற்றை என் கையிலேயே தந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் பாசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

"கொம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. அதை நீதான் சொல்ல வேணும்."

"என்னவாம் பிள்ளை?" தூரத்திலிருந்து மறுபடியும் அம்மாவின் குரல். "கெதியாப் போடச் சொல்லுங்கோ."

பச்சை வட்டத்தை அமத்தினேன். அப்பா போனை வைக்காமல் நின்றார். நானும் வைக்கவில்லை. கிரின்ஸ்டெட்டில் பெல்லட் கொட்டுகிற சத்தம் கோப்பன்ஹேகன் நடைபாதையில் என் காதுக்குள் கேட்டது.

"பத்திட்டுது" என்றார் அப்பா. "இனி நீ உன்ரை அலுவலைப் பார்."

உள்ளே போனேன். சம்மதம் என்றேன். தலைவி எழுந்து வந்து கை குலுக்கினார். அப்போது ஜாக்கெட் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், அடுப்பின் செய்திதான். இருப்பறை சூடாகத் தொடங்கிவிட்டது. அம்மா ஈரத் தலையோடு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். நான் இன்னும் அந்த வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.